காம்பில் இருக்கிறது சூட்சுமம்: சுண்டெலியில் பி செல் நீக்கம்

பி செல்களின் மேற்சவ்வில் சிடி20 என்றொரு புரதம் பதிந்திருக்கிறது. அதைப் பற்றும் எதிர்ப்பொருளைச் சுண்டெலிக்குச் செலுத்தினால் ஓரிரு நாளில் ரத்தத்தில் பி செல்கள் பெரும்பாலும் அற்றுப்போகும். ஆனால் எல்லா எதிர்ப்பொருளுக்கும் அந்தத் திறன் கிடையாது. ஒரே புரதத்தைப் பற்றினாலும் ஒன்று செல்களை அடியோடு துடைக்கிறது. இன்னொன்று வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

எதிர்ப்பொருள் ஒரு கவட்டையைப் போன்றது. இரு கிளைகளின் நுனி இலக்கைப் பற்றும். எஃப்சி எனப்படும் காம்பை, விழுங்கும் செல்களின் மேலுள்ள எஃப்சி ஏற்பிகள் பிடிக்கும். துணைவகைகளை வேறுபடுத்துவது முக்கியமாக இந்தக் காம்புதான். சுண்டெலியின் ஐஜிஜி வகை எதிர்ப்பொருளில் 1, 2ஏ, 2பி, 3 என நான்கு துணைவகைகள் உண்டு. சி57பிஎல்/6 இன எலிகளில் 2ஏ-க்குப் பதில் 2சி இருக்கும்.

மனித சிடி20-ஐப் பற்றும் எதிர்ப்பொருளான ரிட்டுக்சிமாப் மருந்து 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சுண்டெலியின் சிடி20-ஐப் பற்றாது. எனவே அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டெட்டரின் குழு சுண்டெலி சிடி20-க்கென்றே எதிர்ப்பொருள்களை உருவாக்கியது. அவற்றில் 2சி வகையே மிக வலுவாக பி செல்களை நீக்கியது. 1, 2பி வகைகள் அதற்குப் பின்தங்கின. 3-இன் விளைவு மிகக் குறைவு. எஃப்சி ஏற்பிகள் இயங்கத் தேவையான காமா சங்கிலி இல்லாத எலிகளில் நீக்கம் நடக்கவில்லை. செல்லில் ஓட்டை போடும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைந்த எலிகளிலோ வழக்கம்போல் நடந்தது. ஓட்டை போட்டுக் கொல்வதல்ல, விழுங்குவதுதான் இங்கே முதன்மை வழி.

எஃப்சி ஏற்பிகளில் விழுங்கும் செல்லை ஏவுபவையும் உண்டு, தடுப்பதும் உண்டு. ஆய்வாளர்கள் ஜெஃப்ரி ரவெட்ச், ஃபால்க் நிம்மர்யான் இருவரும் 2005-ல் ஒவ்வொரு துணைவகையும் இவ்விரண்டையும் பிடிக்கும் வலுவின் விகிதத்தைக் கணக்கிட்டனர். 2ஏ-க்கு அது ஏறத்தாழ 70; 2பி-க்கு 7; 1-க்கோ வெறும் 0.1. சுண்டெலியின் ஐஜிஜி1 தடுக்கும் ஏற்பியோடுதான் அதிகம் ஒட்டுகிறது. மனித ஐஜிஜி1 நேர்மாறாக வலுவானது. எண் ஒன்றாயிருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதுவது எளிதில் நேரும் பிழை.

ரத்தத்தில் மிதக்கும் பி செல்களை அதிகம் பிடிப்பவை கல்லீரலின் நுண்குழாய்களில் ஒட்டிக் காத்திருக்கும் குப்ஃபர் எனும் விழுங்கும் செல்கள். வயிற்றறையில் வசிக்கும் பி செல்கள் பெருமளவு தப்பிவிடுகின்றன. பி செல்களிலிருந்து முதிர்ந்து சிடி20-ஐ இழந்துவிட்ட பிளாஸ்மா செல்களை இந்த எதிர்ப்பொருள் தொடுவதே இல்லை.

நீக்கத்தை அளக்கும்போது ஒரு கண்ணி காத்திருக்கிறது. வாலிலிருந்து எடுத்த ரத்தத்தை ஃப்ளோ சைட்டோமீட்டரில் சோதிக்கையில், சாயமேற்றிய சிடி20 எதிர்ப்பொருளால் பி செல்களை எண்ணக்கூடாது. செலுத்திய எதிர்ப்பொருளே அந்த இடத்தை அடைத்திருக்கும். உயிரோடிருக்கும் செல்லும் இல்லாததுபோல் தோன்றும். அதனால் சிடி19 அல்லது பி220 அடையாளத்தை வைத்துத்தான் எண்ணுகிறார்கள்.