வாடகை கட்ட முடியலைன்னா பிள்ளையும் போயிடுமா? அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளையை அடிக்கவில்லை, கொடுமைப்படுத்தவில்லை. அப்படியும் அரசு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? அமெரிக்காவில் முடியும். அங்கே குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும்போது அதிகம் சொல்லப்படும் காரணம் அடி உதை அல்ல, ‘புறக்கணிப்பு’.

புறக்கணிப்பு என்றால்?

சாப்பாடு, உடை, இருப்பிடம், மருத்துவம், மேற்பார்வை ஆகியவற்றைச் சரியாகத் தராமல் இருப்பது. கையில் காசில்லாத வீட்டில் முதலில் குறைவதும் இவைதானே! வறுமையை மட்டும் வைத்துப் புறக்கணிப்பு என்று சொல்லக் கூடாது எனப் பல மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. ஆனால், ‘முடியாமல் செய்யவில்லையா, வேண்டுமென்றே செய்யவில்லையா’ என்று பிரித்துப் பார்ப்பது நடைமுறையில் லேசான காரியம் இல்லை.

15 மாதக் கெடு

வளர்ப்புக் குடும்பங்களில் பிள்ளைகள் வருடக்கணக்கில் நிரந்தர வீடில்லாமல் தவிக்கக் கூடாது என்பதற்காக 1997இல் ஒரு சட்டம் வந்தது. கடைசி 22 மாதங்களில் 15 மாதங்கள் ஒரு குழந்தை அரசுப் பராமரிப்பில் இருந்தால், பெற்றோர் உரிமையை ரத்து செய்யக் கோரி மாநில அரசு வழக்குப் போட வேண்டும். உறவினர் வீட்டில் பிள்ளை வளர்வது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

நோக்கம் நல்லதுதான். சிக்கல் எங்கே? பிள்ளை திரும்பக் கிடைக்க வேண்டுமானால் வீடு பார்க்கணும், வேலையில் நிலைக்கணும், பயிற்சி வகுப்புக்குப் போகணும். வகுப்புக்காக லீவு போட்டால் தினக்கூலி வேலை கையை விட்டுப் போகும். குறைந்த வாடகை அரசு வீட்டுக்குப் பல ஊர்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கெடுவோ காத்திருக்காது.

கோர்ட்டில் என்ன நடக்கும்?

இத்தகைய எல்லா வழக்குகளிலும் ஏழைப் பெற்றோருக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று அரசியல் சாசனம் கட்டாயப்படுத்தவில்லை என 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலான மாநிலங்கள் தாங்களாகவே சட்டம் போட்டு வக்கீல் தருகின்றன. உரிமையை ரத்து செய்ய ‘தெளிவான, நம்பத்தகுந்த’ ஆதாரம் வேண்டும் என்றது 1982ஆம் ஆண்டின் தீர்ப்பு.

அப்பீலுக்கும் பணம் தேவைப்பட்டது. மிசிசிப்பி மாநிலத்தில் விவாகரத்தான ஒரு தாயின் உரிமையை ரத்து செய்யக் கோரி வழக்குப் போட்டவர்கள், அவருடைய முன்னாள் கணவரும் அவரது புது மனைவியும். தாய் தோற்றார். அப்பீலுக்கு வழக்கு ஆவணங்களைத் தயாரிக்க 2,352.36 டாலர் கேட்டார்கள். அவரிடம் இல்லை. அப்பீல் தள்ளுபடியானது. கட்டணம் கட்ட முடியாத காரணத்துக்காகக் கதவை அடைக்கக் கூடாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

பணம் எங்கே போகிறது?

உரிமை ரத்தானால் பெற்ற தாயும் சட்டப்படி அந்நியர். பிள்ளையைப் பார்க்கக்கூட அவருக்கு உரிமை கிடையாது. அதே பிள்ளையை வளர்க்கும் குடும்பத்துக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. குடும்பம் பிரியும் முன்பே உதவ மத்திய அரசு நிதியைப் பயன்படுத்தலாம் என்று 2018இல் ஒரு சட்டம் வழிவிட்டது. மனநல சிகிச்சை, போதை மீட்பு, பெற்றோருக்கான பயிற்சி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. வீட்டு வாடகை இல்லை.