நான்கு சகோதரர்களும் 342 ரிலேக்களும்

போர் முடிந்த ஜப்பானில் சிகரெட்டுக்குப் பஞ்சம். கிடைத்த ஒன்றையும் நுனி வரை புகைத்தாக வேண்டும். கைவேலையும் நிற்கக் கூடாது. 1946இல் டோக்கியோவில் சிறு பட்டறை தொடங்கிய டடாவோ கஷியோவுக்குத் தம்பி டொஷியோ ஒரு யோசனை சொன்னார்: விரலில் மோதிரம், அதன்மேல் சிகரெட் செருக ஒரு குழல். டடாவோ லேத்தில் கடைந்தார், அப்பா வெளியே போய் விற்றார். சரக்கு நன்றாகவே ஓடியது. பின்னால் அவர்கள் செய்த கேசியோ கால்குலேட்டருக்கு முதல் போட்டது அந்த மோதிரக் காசுதான்.

1949இல் கின்ஸாவில் நடந்த கண்காட்சியில் சகோதரர்கள் வெளிநாட்டுக் கணக்கு இயந்திரங்களைப் பார்த்தார்கள். மோட்டார் சுழற்ற, உள்ளே பற்சக்கரங்கள் பெரும் சத்தத்தோடு ஓடின. சக்கரமே இல்லாமல் மின்சாரத்தாலேயே கணக்குப் போடும் இயந்திரம் செய்ய வேண்டும் என்று டொஷியோ உட்கார்ந்துவிட்டார். மற்ற இரண்டு தம்பிகள் கசுவோவும் யுகியோவும் வந்து சேர்ந்தார்கள். டொஷியோவின் யோசனைகளை வரைபடமாக்கியவர் இயந்திரவியல் படித்த யுகியோ. விற்பனை கசுவோவிடம், வரவு செலவு டடாவோவிடம்.

சோலனாய்டு என்னும் மின்காந்தச் சுருள் வைத்துச் செய்த மாதிரி உற்பத்திக்குத் தயாரான நேரத்தில், 'இது வேண்டாம், ரிலே வைத்து முதலிலிருந்து செய்வோம்' என்றார் டொஷியோ. ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். பல வருட உழைப்பு அது. சம்பளத்துக்கு வந்த பொறியாளர் இப்படிச் சொல்லியிருந்தால் எந்த முதலாளி கேட்டிருப்பார்? சகோதரர்கள் கேட்டார்கள். இந்தக் கம்பெனியின் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

புது இயந்திரத்தைச் செயல்விளக்கத்துக்காக சப்போரோவுக்கு விமானத்தில் ஏற்றப் போனபோது, உயரம் கூடுதல் என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். மேல்பாகத்தைக் கழற்றி ஏற்றினார்கள். அங்கே போய்ப் பூட்டினால் இயந்திரம் அசையவில்லை. டொஷியோ வாயாலேயே விளக்கிச் சமாளித்தார். அதையும் நம்பி உச்சிதா யோகோ நிறுவனம் விற்பனை உரிமையை வாங்கிக்கொண்டது.

1957இல் அந்த இயந்திரம் 14-ஏ என்ற பெயரில் கடைக்கு வந்தது. கேசியோ கம்பெனி பதிவானதும் அதே வருடம். 342 ரிலே, 140 கிலோ எடை, மேசை அளவு உருவம், விலை 4,85,000 யென். அதுவரை பல இயந்திரங்களில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு வரிசைப் பொத்தான் இருந்த இடத்தில் பத்தே எண் பொத்தான்கள், விடை பார்க்க ஒரே ஜன்னல். இன்று நம் பொறியியல் மாணவர் கையிலிருக்கும் எஃப்எக்ஸ்-991 கால்குலேட்டர் வரை அந்த அமைப்பு தொடர்கிறது.

1972இல் வந்த கேசியோ மினி கால்குலேட்டர் 12,800 யென்தான். பத்தே மாதத்தில் பத்து லட்சம் விற்றது. அலுவலகச் சாமான், வீட்டுச் சாமான் ஆயிற்று. பிறகு கைக்கடிகாரம், கீபோர்டு என்று கடை விரிந்தது. 2023இல்தான் முதல் தடவையாகக் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் தலைவரானார்.