பொரித்த எண்ணெயும் லாரி யந்திரமும்

பலகாரக் கடைகளில் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயைக் கொண்டு டீசல் லாரியை ஓட்டலாம் என்று சொன்னால், கேட்பவர்களில் ஒரு சாரார் அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் அப்படியானால் நாளைக்கே ஒரு டின் வாங்கி ஊற்றிப் பார்க்கலாமே என்று கிளம்பிவிடுகிறார்கள். இரு சாராரும் சொல்வது சரியன்று. அந்த எண்ணெயில் லாரி ஓடும் என்பது அனுபவத்தில் ஸ்தாபிதமான உண்மை. ஆயினும் எண்ணெய்க்குத் தக்கபடி லாரியை மாற்ற வேண்டும், அல்லது லாரிக்குத் தக்கபடி எண்ணெயை மாற்ற வேண்டும். இவ்விரண்டில் எதையும் செய்யாமல் ஊற்றுகிறவன் நாளடைவில் தன் யந்திரத்தைத் தானே பாழாக்கிக் கொள்கிறான்.

டீசல் யந்திரம் கடலையெண்ணெயில் ஓடுவதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டது என்று பலர் எழுதி வருகிறார்கள். அது பிசகு. ரூடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய மேதை 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரம் பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயை உத்தேசித்தே அமைந்தது. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில், பிரெஞ்சு அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி, ஓட்டோ கம்பெனியார் சிறிய டீசல் யந்திரம் ஒன்றை எவ்வித மாறுதலும் செய்யாமல் கடலையெண்ணெயில் ஓட்டினார்கள் என்றும், அது ஓடிய நேர்த்தியைக் கண்டவர்களில் வெகு சிலரே எண்ணெய் மாறியிருப்பதை உணர்ந்தார்கள் என்றும் பின்னாளில் டீசலே எழுதி வைத்திருக்கிறார். நிலக்கடலை ஏராளமாக விளையும் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில், எரிபொருளைக் கப்பலேற்றி அனுப்பாமல் அங்கே விளைவதைக் கொண்டே யந்திரங்களை ஓட்ட முடியுமா என்று அறிவதே அந்த அரசாங்கத்தின் நோக்கம். அக்காலத்து யந்திரமோ மந்தகதியில் ஓடும் கனத்த யந்திரம். அழுத்திய காற்றின் விசையால் எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளும் ஏற்பாடு அதில் இருந்தமையால், எண்ணெயின் கெட்டித்தன்மை பெரிய இடையூறாகவில்லை. பிற்காலத்தில், முக்கியமாக ராபர்ட் பாஷ் நிறுவனத்தார் 1927-இல் எரிபொருள் பம்புகளைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பின், டீசல் யந்திரம் சிறுத்து, வேகம் பெற்று, லாரிக்குள் அடங்கிற்று. எதையும் ஜீரணிக்கும் பழைய சுபாவம் மட்டும் அதைவிட்டு அகன்றது.

டீசல் யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகக் குறுகிய இடத்தில் அழுத்தும்போது உண்டாகும், 500 டிகிரிக்கும் மேற்பட்ட உஷ்ணத்தில், நாசிலின் நுண்ணிய துவாரங்கள் வழியே எரிபொருள் பனிப்புகையாகப் பாய்ந்து தானே பற்றிக்கொள்ள வேண்டும். 40 டிகிரி உஷ்ணத்தில் சமையல் எண்ணெய் டீசலைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு கெட்டியாக இருக்கிறபடியால், அது புகையாகப் பிரியாமல் துளித்துளியாக விழுகிறது; துளிகள் முழுவதும் எரிவதில்லை; எரியாத மிச்சம் நாசில் முனையில் கரியாகப் படிந்து, பிஸ்டன் ரிங்குகளைக் கவ்விப் பிடித்து, மெள்ளக் கீழிறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்து அதையும் கூழாக்கிவிடுகிறது. பொரிக்கும் வாணலியின் வெளிப்புறத்தில் காலப்போக்கில் மஞ்சளாகப் படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே ஒரு பிசின், அது உஷ்ணத்தால் இறுகிப்போன எண்ணெய்தான். அதே பிசினே யந்திரத்துக்குள்ளும் உண்டாகிறது.

எண்ணெய்க்குத் தக்கபடி லாரியை மாற்றுவது முதல் மார்க்கம். எண்ணெயைச் சூடாக்கினால் அது இளகும் என்பது சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த மார்க்கத்தின் ரகசியம் முழுவதும் அதுவே. லாரியில் இரண்டாவது டேங்க் ஒன்றைப் பொருத்தி, ரேடியேட்டருக்குச் செல்லும் வெந்நீரையே குழாய் வழியாக அந்த டேங்க்கைச் சுற்றி வரச் செய்து, எண்ணெயை 70 அல்லது 80 டிகிரிக்குச் சூடேற்றுகிறார்கள். டிரைவர் டீசலில் வண்டியைக் கிளப்பி, யந்திரம் நன்றாகச் சூடேறியபின் எண்ணெய்க்கு மாற்றி, பிரயாணம் முடிவதற்குச் சற்று முன்பு மறுபடியும் டீசலுக்கே திரும்பி, குழாய்களில் தங்கிய எண்ணெயை அகற்றிவிட்டே நிறுத்த வேண்டும். இதை ஒருநாள் மறந்தாலும், மறுநாள் காலையில் பம்பிலும் நாசிலிலும் ஆறிக் கெட்டிப்பட்ட எண்ணெய் காத்திருக்கும். ஆகவே மணிக்கணக்காக ஓடும் நெடுந்தூர லாரிக்கு ஏற்ற இந்த முறை, தெருத் தெருவாக நின்று நின்று சரக்கு இறக்கும் வண்டிக்குச் சிறிதும் பொருந்தாது.

யந்திரத்தைவிட எண்ணெயைச் சுத்தம் செய்வதில்தான் சிரமம் அதிகம். கடையிலிருந்து வரும் எண்ணெயில் மாவுத் துணுக்கும் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். நாள்கணக்கில் அசையாமல் தெளியவைத்து, மேலாக இறுத்து, சூடுகாட்டி நீரைப் போக்கி, கண்ணுக்குப் புலப்படாத துகளையும் தடுக்கும் பில்டரில் வடிக்க வேண்டும். சூடான தகட்டில் சில சொட்டு விட்டுப் பார்த்தால், ஈரம் மிச்சமிருக்கிற எண்ணெய் சடசடவென்று வெடிக்கும். அப்படி வெடிக்கிற எண்ணெயை எக்காரணத்தைக் கொண்டும் டேங்க்கில் ஊற்றலாகாது, ஏனென்றால் பம்பின் நுண்ணிய பாகங்களை அரித்துத் தின்பது நீரே.

லாரிக்குத் தக்கபடி எண்ணெயை மாற்றுவது இரண்டாவது மார்க்கம். எண்ணெயின் ஒவ்வொரு அணுத்திரளிலும் மூன்று கொழுப்பமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்திருக்கின்றன. கெட்டித்தன்மைக்குக் காரணம் அந்தப் பிணைப்பே. மெத்தனாலையும் சிறிது காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் சுமார் 60 டிகிரியில் கலக்கினால், கிளிசரின் பிரிந்து அடியில் தங்க, மேலே டீசலை ஒத்த இளகிய திரவம் மிதக்கிறது; நாம் பயோடீசல் என்று சொல்வது இதைத்தான். பெல்ஜியத்தில் ஷவான் என்பவர் 1937-ஆம் ஆண்டிலேயே இத்தகைய முறைக்கு உரிமை பெற்றார். மறு ஆண்டில் பாமாயிலிலிருந்து சாராயம் சேர்த்துத் தயாரித்த எரிபொருளில் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே பிரயாணிகள் பஸ் ஒன்று ஓடியது. பலமுறை பொரித்த எண்ணெயில் புளிப்புக் கூடுதலாக இருப்பதால், அதை அளந்தறியாமல் சோடாவைச் சேர்த்தால் எரிபொருளுக்குப் பதில் சோப்பே மிஞ்சும். மெத்தனாலோ பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடிய விஷம். அது எரியும்போது ஜ்வாலைகூடப் பகலில் தெரிவதில்லை. வீட்டுக் கொல்லையில் வைத்துச் செய்யத்தக்க காரியமன்று இது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

இக்காலத்துப் புதிய லாரிகளுக்கு முதல் மார்க்கம் அநேகமாக அடைபட்டுவிட்டது. வளிமண்டலத்தைப்போல் 1,500 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் எரிபொருளைப் பாய்ச்சும் யந்திரங்களும், புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டிகளும் மாற்றப்படாத சமையல் எண்ணெயைத் தாங்கமாட்டா. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் அமலிலிருக்கும் பாரத் ஸ்டேஜ் 6 வகை லாரிகளுக்கு, டீசலில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை பயோடீசல் கலப்பதையே தர நிர்ணயம் அனுமதிக்கிறது. பழைய பம்பும் தடித்த நாசிலும் கொண்ட முதிய லாரிகளே முதல் மார்க்கத்துக்கு உரியவை.

பொரித்த எண்ணெயால் பெட்ரோலிய இறக்குமதியே நின்றுவிடும் என்று எண்ணுவது பேராசை. இந்தியா ஓராண்டில் 8 கோடி டன்னுக்கு மேல் டீசல் எரிக்கிறது. நாம் வாங்கும் சமையல் எண்ணெய் முழுவதையும் ஒரு சொட்டு உண்ணாமல் டேங்க்குகளில் ஊற்றினாலும் அதில் பாதிக்குக்கூட வராது. நான் இதைப் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் வேறு. பெரிய கடைகளும் தொழிற்சாலைகளும் கழித்துத் தள்ளும் எண்ணெய் சாக்கடையில் போவதுகூடப் பரவாயில்லை. அது மலிவு விலைக்குக் கைமாறி, வசதியற்றவர்கள் சாப்பிடும் பண்டங்களில் மீண்டும் புகுந்துவிடுவது கொடுமை. எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அதைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, அந்த எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டத்தையும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் துவக்கியது. தினம் 50 லிட்டருக்கு மேல் பொரிப்புக்குச் செலவிடுகிறவர்கள் கணக்கு வைத்து, கழிவெண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் சாயங்கால வேளையில் தெருமுனைகளில் பஜ்ஜியும் வடையும் பொரிக்கிற சிறு கடைக்காரர் எவரும் அந்த 50 லிட்டரை எட்டுவதில்லை. அவருடைய வாணலியில் மிஞ்சும் இரண்டு மூன்று லிட்டருக்கு நியாயமான விலை கொடுத்து எடுத்துச் செல்ல, பால் சேகரிக்கும் வண்டியைப்போல ஒரு வண்டி தினந்தோறும் தெருவுக்கு வரும்படி நகராட்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.