பகா எண் வேடம் போடும் 1729... அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

2021 என்ற எண்ணைச் சட்டென்று பார்த்தால் பகா எண் போலத்தான் தெரியும். இரட்டைப்படை இல்லை, 5-ல் முடியவில்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 5 என்பதால் 3-ஆலும் வகுபடாது. 7, 11, 13 என்று வரிசையாக வகுத்தாலும் மீதி வந்துகொண்டே இருக்கும். 41 வரை இதே கதைதான். 43-க்கு வரும்போது குட்டு உடைகிறது. 43 × 47 = 2021.

1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். எதுவரை வகுத்துப் பார்ப்பது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். வர்க்கமூலம் வரை போதும். ஓர் எண்ணை இரண்டாகப் பிரித்தால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது அல்லவா? 2027-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 45 × 45 = 2025. எனவே 45-க்குள் இருக்கும் 14 பகா எண்களால் வகுத்தால் போதும். எதிலும் மீதியின்றிப் போகவில்லை. 2027 அசல் பகா எண்!

போட்டித் தேர்வுக்கு இது போதும். இணையப் பாதுகாப்புக்குப் போதாது. 1977-ல் உருவான ஆர்.எஸ்.ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறை இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிப் பூட்டு செய்கிறது. பெருக்குவது எளிது, விடையிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பது மகா கஷ்டம். இன்று பரவலாக இருக்கும் பூட்டுகளில் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 300 இலக்கங்களுக்கு மேல். அதை வகுத்து வகுத்துச் சோதிக்க உலகத்தின் எல்லா கம்ப்யூட்டர்களையும் உட்கார வைத்தாலும் பிரபஞ்சத்தின் வயது பத்தாது. சோதிக்காமல் விட்டு, அது போலியாக இருந்தால் பூட்டே பலவீனமாகிவிடும்.

வகுத்தியைத் தேடாமலே சோதிக்கும் வழியை, பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா 1640-ல் எழுதிய ஓர் உண்மை தந்தது. 2-ஐ 7 முறை பெருக்கினால் 128. அதில் 2-ஐக் கழித்தால் 126, அது 7-ஆல் மீதியின்றி வகுபடும். எந்தப் பகா எண்ணுக்கும் இப்படித்தான் நடக்கும். இப்போது 9. 2-ஐ 9 முறை பெருக்கினால் 512, 2 போக 510. 9-ஆல் வகுத்தால் மீதி 6. மாட்டிக்கொண்டது! 9-ஐ எது வகுக்கும் என்று பார்க்காமலே அது பகா எண் இல்லை என்று சொல்லிவிட்டோம். அழகே அதுதான்.

இந்தச் சோதனைக்கும் கண்ணில் மண் தூவும் எண்கள் உண்டு. அவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561, 1105, அடுத்தது... 1729! ஆமாம், மருத்துவமனையில் இருந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி வந்த டாக்ஸியின் எண்ணேதான். 7 × 13 × 19 = 1729. ஆனாலும் 2-க்குப் பதில் எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பாஸாகிவிடும்.

மில்லர், ரேபின் என்ற இருவரின் பெயரால் வழங்கும் சோதனை இதைப் பிடித்துவிடுகிறது. கடைசி விடையை மட்டும் பார்க்காமல், வழியில் வரும் விடைகளையும் அது நோட்டம் விடும். குத்துமதிப்பாக ஓர் எண்ணை எடுத்து ஒருமுறை சோதித்தால், போலி தப்பிக்க வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று. 20 முறை சோதித்தால், லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

‘ஏறக்குறைய நிச்சயம்’ கணிதக்காரர்களுக்குப் போதுமா? 2002 ஆகஸ்ட்டில் ஐ.ஐ.டி கான்பூரிலிருந்து பதில் வந்தது. பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அந்த ஆண்டுதான் பி.டெக் முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனாவும் துளி சந்தேகம் இல்லாமல், நியாயமான நேரத்துக்குள் எந்த எண்ணையும் சோதிக்கும் வழியை நிரூபித்தார்கள். 2006-ல் கோடெல் பரிசு கிடைத்தது.

ஆனாலும் நடைமுறையில் கான்பூர் முறையை யாரும் பயன்படுத்துவதில்லை. அது மெதுவானது. மில்லர்-ரேபினே போதும் என்பது நியாயம்தான், ஒழுங்காகச் செய்தால். சில மென்பொருள்கள் சோதனைக்கான எண்களைக் குத்துமதிப்பாக எடுக்காமல், முன்கூட்டியே தெரிந்த பட்டியலிலிருந்து எடுத்தன. கேள்வித்தாள் முன்பே வெளியானால் என்ன ஆகும்? அந்தச் சோதனைகளில் பாஸாகும்படியே போலி எண்களைத் தயாரிக்க முடியும் என்று 2018-ல் ஆய்வாளர்கள் செய்தே காட்டிவிட்டார்கள்.