யானைக்கால் புழுவும் சர்க்கரை நோயும்

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பெரியவர்களுக்கு டி.இ.சி. மாத்திரை நினைவிருக்கும். யானைக்கால் நோயை ஒழிக்க வீடு வீடாக வந்து கொடுத்தார்கள். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் நூல் போன்ற புழுதான் எதிரி. அந்தப் புழுவுக்கும் சர்க்கரை நோய்க்கும் ஏதோ கணக்கு இருக்கிறது என்று 2010-இல் சென்னை ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சென்னைவாசிகளின் ரத்தத்தில் புழுவின் தடயத்தைத் தேடியபோது, சர்க்கரை நோய் இல்லாதவர்களில் சுமார் 10 சதவீதத்தினரிடம் அது தென்பட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தவர்களிடமோ சுமார் 4 சதவீதம்தான். புழு இருந்த நோயாளிகளுக்கு டி.என்.எஃப்., ஐ.எல்.-6 ஆகிய அழற்சிப் புரதங்களும் குறைவு.

அழற்சிக்கு இதில் என்ன வேலை? முள் குத்திய கால் வீங்கிச் சிவப்பதும் அழற்சிதான். ஆனால் வேலை முடிந்ததும் அடங்கிவிடும். தொப்பைக்குள் நடப்பது அடங்குவதில்லை. அளவு மீறிப் புடைத்த கொழுப்பு செல்கள் சில செத்துவிழ, அவற்றைத் தின்ன மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் குவிகின்றன, டி.என்.எஃப்.பைக் கசியவிட்டபடியே இருக்கின்றன. பருத்த எலிகளின் கொழுப்பில் இந்தப் புரதம் மிகுந்திருப்பதை 1993-இல் ஹார்வர்டில் ஹோட்டாமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் காட்டினார்கள்.

இன்சுலின் செல்லைத் தொட்டதும், உள்ளே ஐ.ஆர்.எஸ்.-1 என்ற புரதத்தின் டைரோசின்களில் பாஸ்பேட் ஏற வேண்டும். அப்போதுதான் குளுக்கோஸை உள்ளே விடும் குளுட்-4 செல்லின் மேற்பரப்புக்கு வரும். டி.என்.எஃப். தூண்டும் நொதிகள் அதே புரதத்தின் செரின்களில் பாஸ்பேட்டை ஏற்றிக் காரியத்தைக் கெடுக்கின்றன. பூட்டுக்குள் குச்சியை ஒடித்துப் போட்ட மாதிரி. சாவி கையில் இருந்தும் கதவு திறக்காது. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும்.

புழுவோ, தான் பிழைக்க நம் எதிர்ப்பு மண்டலத்தைத் தணிக்கிறது. சீறும் மேக்ரோஃபேஜ் குளுக்கோஸை அவசரமாகச் செலவழிக்கும். தணிந்தது கொழுப்பமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவில் நிதானமாக எரிக்கும். புழு தள்ளுவது இரண்டாவதை நோக்கி.

ஒரே ஒருமுறை எடுத்த கணக்கு என்பதால், எது காரணம் எது விளைவு என்று சென்னை ஆய்வு சொல்லிவிட முடியாது. இதைச் சாக்காக வைத்து மாத்திரையைத் துப்புவது மடமை. முற்றிவிட்ட யானைக்கால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புழுவே வேண்டாம், அதன் சத்து போதுமா என்று ஜெர்மனியின் பான் நகரத்தில் பார்த்தார்கள். கொழுப்புணவு தின்று பருத்த எலிகளுக்கு நூல்புழுவின் சாற்றைக் கொடுத்ததும், அவற்றின் உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் கூடியது. 2016-இல் அது வெளியானது.