பட்டம் போன பிறகு சக்கரவர்த்தி என்ன செய்தார்?

விளையாடியே ஒருவர் "சக்கரவர்த்தி" ஆனார்! கேட்டால் கதை போலத் தோன்றும். ஆனால், கதை அல்ல, நடந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போர் செய்தார். வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. பத்து விரல்களும் ஒரு கம்ப்யூட்டரும்தான் அவருடைய ஆயுதங்கள். அவர் விளையாடுவதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. அவருடைய ரசிகர் மன்றத்தில் 6 லட்சம் பேர் சேர்ந்தார்கள்!

அவர் பெயர் லிம் யோ-ஹ்வான். நாடு, தென் கொரியா. விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் "பாக்சர்". அதாவது, குத்துச்சண்டைக்காரர்!

அவர் பட்டம் வென்ற கதை பலருக்குத் தெரியும். பட்டம் போன பிறகு அவர் எப்படி வாழ்ந்தார்? அதுதான் சுவையான கதை. "விளையாட்டு சோறு போடுமா?" என்று பிள்ளையை அதட்டுகிற பெற்றோர்கள் படிக்க வேண்டிய கதை.

வேலை போனது, கடை வந்தது

1997-ம் ஆண்டு. தென் கொரியாவில் பெரும் பண நெருக்கடி. கம்பெனிகள் மூடப்பட்டன. பலருக்கு வேலை போயிற்று.

வேலை இழந்தவர்களில் சிலர், கையில் இருந்த பணத்தைப் போட்டுக் கடை திறந்தார்கள். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் வைத்த கடை. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, அங்கே உட்கார்ந்து விளையாடலாம். கொரியா மொழியில் அந்தக் கடைக்கு "பி.சி. பாங்" என்று பெயர். "பாங்" என்றால் அறை.

1998-ல் அமெரிக்காவில் இருந்து "ஸ்டார்கிராப்ட்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. கடைகள் நிரம்பி வழிந்தன. அப்போது லிம்முக்கு 18 வயது.

சதுரங்கம் போல; ஆனால், சதுரங்கம் அல்ல

ஸ்டார்கிராப்ட் ஒரு போர் விளையாட்டு. நிலத்தைத் தோண்டித் தாது எடுக்க வேண்டும். அதைக் கொண்டு கோட்டை கட்டி, படை திரட்டி, எதிரியை அழிக்க வேண்டும்.

சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தினால் மற்றவர் காத்திருப்பார். இங்கே காத்திருப்பது கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். எதிரி என்ன செய்கிறான் என்பதும் தெரியாது. ஆள் அனுப்பி உளவு பார்க்க வேண்டும்.

மூளை எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, விரலும் அவ்வளவு வேகமாக ஓட வேண்டும். கைதேர்ந்தவர்கள் ஒரு நிமிடத்தில் 300 தடவைக்கு மேல் கட்டளை கொடுப்பார்கள். அதாவது, ஒரு விநாடிக்கு ஐந்து!

இந்த விளையாட்டில் மூன்று இனங்கள் உண்டு. மனித இனம் ஒன்று. பூச்சி போன்ற இனம் ஒன்று. நம்மைவிட அறிவு முற்றிய வேற்றுக் கிரக இனம் ஒன்று. "மனித இனம் பலவீனமானது, அதை எடுத்தால் ஜெயிப்பது கடினம்" என்று அப்போது பேசினார்கள்.

லிம் அந்த மனித இனத்தையே எடுத்தார்! விமானத்தில் வீரர்களை ஏற்றினார். எதிரியின் கோட்டை வாசலை விட்டு, கொல்லைப்புறத்தில் இறக்கினார். சிறு படையை வைத்துக்கொண்டு பெரும் படையைச் சிதற அடித்தார். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

முடிசூட்டு விழா

விளையாட்டைக் காட்டுவதற்கு என்றே கொரியாவில் டெலிவிஷன் நிலையம் தொடங்கினார்கள். அது நடத்திய பெரிய பந்தயத்தில், 2001-ம் ஆண்டு லிம் அடுத்தடுத்து இரண்டு முறை முதல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் உலகப் போட்டியிலும் தங்கப் பதக்கம். 2002-ல் மீண்டும் உலகத் தங்கம்!

"சக்கரவர்த்தி" என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

2004-ல் எஸ்.கே. டெலிகாம் என்ற பெரிய டெலிபோன் கம்பெனி லிம்முடைய அணியை ஏற்றுக்கொண்டது. சம்பளம், தங்கும் விடுதி, பயிற்சி எல்லாம் முறையாகக் கிடைத்தன. அந்த ஆண்டு பூசான் நகரத்துக் கடற்கரையில் அணிகளுக்கு இடையே இறுதிப் போட்டி நடந்தது. ஒரு லட்சம் பேர் திரண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. லிம் அணி அன்று தோற்றது. ஆனால், விளையாட்டு ஜெயித்தது!

எட்டு நாளில் எல்லாம் மாறியது

2004-ம் ஆண்டு நவம்பர் மாதம்.

பெரிய பந்தயத்தின் அரை இறுதி ஆட்டம். லிம்மை எதிர்த்து ஆடியவர் ஹோங் ஜின்-ஹோ. இருவரும் பரம வைரிகள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். ஆட்டத்தில் மட்டும்தான் வைரம்!

அன்று லிம் ஒரு தந்திரம் செய்தார். ஆட்டம் தொடங்கியதும் எதிரியின் வாசலிலேயே ஒரு சிறு காவல் அரண் கட்டினார். எதிரி படை திரட்டுவதற்குள் சுட்டுத் தள்ளினார். முதல் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்திலும் அதே தந்திரம். "மூன்றாவது முறை செய்ய மாட்டார்" என்று எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாவது முறையும் செய்தார்!

மூன்று ஆட்டம், மூன்று வெற்றி. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர்கள், சாப்பாட்டை முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது என்று இன்றும் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

எட்டு நாள் கழித்து இறுதி ஆட்டம். எதிரே உட்கார்ந்தவர் சோய் யோன்-சுங். அவர் யார்? லிம்முடைய சிஷ்யர்! லிம்மே தம் அணியில் சேர்த்து வளர்த்தவர்.

சிஷ்யர் மூன்று ஆட்டம் ஜெயித்தார். குரு இரண்டு ஆட்டம்தான் ஜெயித்தார். டெலிவிஷனில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, சக்கரவர்த்தியின் கண்கள் கலங்கின. கண்ணீர் வழிந்தது.

அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? 24!

மற்றத் தொழில்களில் 24 வயது என்பது தொடக்கம். இந்தத் தொழிலில் அது பின்மாலை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பின்னால் வந்துகொண்டே இருந்தார்கள்.

2005-ல் லிம் மீண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். மீண்டும் 3-க்கு 2 என்று தோற்றார். அந்தப் பந்தயத்தை மூன்று முறை வெல்கிறவருக்குத் தங்கத்தில் செய்த "மவுஸ்" பரிசு உண்டு. கம்ப்யூட்டரை இயக்கும் கைக்கருவிக்குத்தான் "மவுஸ்" என்று பெயர். சக்கரவர்த்திக்கு இரண்டு பட்டத்தோடு சரி. தங்க மவுஸ் கடைசி வரை கிடைக்கவில்லை.

பட்டாளத்துக்கு வா!

அடுத்து வந்தது அரசாங்கத்தின் அழைப்பு.

தென் கொரியாவில் உடல் நலமுள்ள ஆண்கள் எல்லோரும் பட்டாளத்தில் சேர்ந்தாக வேண்டும். அப்போது அது சுமார் இரண்டு வருட சேவை. விரல் வேகத்தை நம்பிப் பிழைக்கிறவர், இரண்டு வருடம் கம்ப்யூட்டரைத் தொடாவிட்டால் என்ன ஆகும்? தொழில் முடிந்தது என்றுதான் அர்த்தம்.

2006-ம் ஆண்டு அக்டோபரில் லிம் விமானப்படையில் சேர்ந்தார். "இதோடு சரி" என்றார்கள்.

ஆனால், 2007-ல் விமானப்படையே ஒரு விளையாட்டு அணியைத் தொடங்கியது! லிம் அதில் ஆடினார். அவருக்குப் பின் வந்த பலரும் அந்த அணியில் சேர்ந்து, சேவையையும் முடித்தார்கள். கைப்பழக்கத்தையும் விடாமல் காத்தார்கள். 2012-ல் அந்த அணி கலைக்கப்பட்டது.

2008-ம் ஆண்டு டிசம்பரில் லிம் சேவை முடிந்து வெளியே வந்தார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. "முப்பது வயதிலும் ஆடுகிறவன் என்று பெயர் எடுக்க வேண்டும்."

2010-ல் ஸ்டார்கிராப்டின் இரண்டாம் பாகம் வந்தது. புது விளையாட்டு. அதில் லிம் சக்கரவர்த்தி அல்ல, புது மாணவர். பழைய புகழை ஒதுக்கி வைத்துவிட்டு, அரிச்சுவடியில் இருந்து தொடங்கினார். அந்த ஆண்டே ஒரு பெரிய பந்தயத்தில் அரை இறுதி வரை வந்தார். அங்கே தோற்றார். ஆனால், வயது 30. சொன்னதைச் செய்துவிட்டார்!

நடிகை மனைவி

லிம்மின் மனைவி கிம் கா-யோன் ஒரு நடிகை. லிம்மைவிட எட்டு வயது மூத்தவர். 2011-ல் பதிவுத் திருமணம் நடந்தது. ஊரைக் கூட்டிக் கல்யாணம் நடத்தியது 2016-ல்தான்.

இருவரும் சேர்ந்து சொந்தமாக ஓர் அணி நடத்தினார்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாவற்றையும் கவனித்தார்கள். 2012-ல் லிம் தம் பழைய அணிக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். அவர் போன சில மாதத்தில் சொந்த அணி கலைந்தது.

பழைய அணியில் தலைமைப் பயிற்சியாளர் பதவி கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. உடல்நலக் குறைவால் 2013-ல் விலகினார்.

சேனாதிபதியாக இருந்தார். சிப்பாயாக இருந்தார். முதலாளியாக இருந்தார். வாத்தியாராக இருந்தார். வயது 33. இனி என்ன?

சீட்டு மேஜை

லிம் "போக்கர்" என்ற சீட்டாட்டப் பந்தயங்களில் இறங்கினார்.

"சூதாட்டமா?" என்று முகம் சுளிக்கத் தோன்றும். சுளிக்க வேண்டியதுதான். சீட்டில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. அதில் கைப்பொருள் இழந்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கொரியா சர்க்காரும் சூதாட்டத்தில் கண்டிப்பானது. அங்கே உள்நாட்டு மக்கள் நுழையக்கூடிய சூதாட்ட விடுதி ஒன்றே ஒன்றுதான்.

ஆனால், லிம் ஏன் அந்த மேஜைக்குப் போனார் என்று பார்க்க வேண்டும். எதிரியின் சீட்டு தெரியாது. அவன் முகத்தையும், பந்தயம் கட்டுகிற விதத்தையும் பார்த்து மனதைப் படிக்க வேண்டும். இல்லாததை இருப்பது போலக் காட்ட வேண்டும். இது அவர் பதினைந்து வருடம் செய்த வேலை! விரல் வேகம் மட்டும் இதற்குத் தேவை இல்லை. முப்பது வயதில் அவரிடம் குறைந்தது விரல் வேகம், குறையாதது மூளை.

அவர் மட்டும் அல்ல. மூன்று முறை அவரிடம் ஒரே தந்திரத்தில் தோற்றாரே, ஹோங் ஜின்-ஹோ! அவரும் 2011-ல் ஆட்டத்தை விட்டார். பெரிய பந்தயங்களில் எப்போதும் இரண்டாம் இடம்தான் அவருக்கு. "இரண்டு" என்ற எண்ணைச் சொல்லியே ரசிகர்கள் கேலி செய்தார்கள். அவர் கோபப்படவில்லை. கேலியில் தாமும் கலந்துகொண்டு சிரித்தார்.

2013-ல் மூளைக்கு வேலை கொடுக்கும் டெலிவிஷன் போட்டி ஒன்று கொரியாவில் நடந்தது. ஹோங் முதல் பரிசு பெற்றார்! அடுத்த முறை அதே போட்டியில் லிம் கலந்துகொண்டார். அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்!

2022-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் உலகப் போக்கர் போட்டி நடந்தது. அதில் ஒரு பந்தயத்தை ஹோங் வென்றார். பரிசு, 2 லட்சத்து 76 ஆயிரம் டாலர். அதோடு ஒரு தங்கக் காப்பு. சக்கரவர்த்திக்குத் தங்க மவுஸ் கிடைக்கவில்லை. அவரிடம் தோற்றவர் கையில் தங்கக் காப்பு ஏறியது!

வழி போட்டவர்

லிம் ஆடிய அந்தப் பழைய அணி இன்றும் இருக்கிறது. "டி-1" என்று பெயர். லிம் விலகிய 2013-ல்தான் "பேக்கர்" என்ற பெயரில் ஆடும் லீ சாங்-ஹியோக் அந்த அணியில் சேர்ந்தார். வேறொரு விளையாட்டில் அந்த அணி 2024-க்குள் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றது.

2023-ல் சீனாவின் ஹாங்சோவ் நகரத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ஓட்டம், நீச்சலோடு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். கொரியா அணி தங்கம் வென்றது. அந்த அணியில் லீயும் இருந்தார். ஆசியத் தங்கம் வென்றவர்களுக்கு நீண்ட பட்டாள சேவையில் இருந்து அந்த நாட்டில் விலக்கு உண்டு.

லிம்முக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவர் பட்டாளத்துக்குப் போனபோது, "விளையாட்டுப் பிள்ளைக்கு என்ன விலக்கு?" என்று கேட்கிற காலம். அவருக்கு முன்னால் இந்தத் தொழிலில் ஓய்வு பெற்ற பெரியவர் என்று சொல்ல ஆளே கிடையாது. பட்டம் போன பிறகு எந்தப் பக்கம் நடப்பது என்று யோசனை கேட்க ஒருவரும் இல்லை. அவரே ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தார். சில திறந்தன. சில திறக்கவில்லை.

விடுதியில் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி செய்தும் பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். படிப்பை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு டெலிவிஷனும் இல்லை, தங்கமும் இல்லை. அதையும் மறக்கக் கூடாது.

"விளையாட்டு சோறு போடுமா?"

லிம்முக்குப் போட்டது. ஆனால், முப்பத்தொரு வயது வரைதான்! மீதி வயதுக்கு வேண்டிய சோற்றை அவர் வேறு இடத்தில் தேட வேண்டி வந்தது.

உங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "நானும் சக்கரவர்த்தி ஆவேன்" என்று சொன்னால், அதட்ட வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். லிம்மின் கதையைச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"சரி தம்பி. முப்பத்திரண்டாவது வயதில் என்ன செய்வாய்?"