மூணு வாய்க் கஞ்சி

என் அண்ணன் மகள் ஒரு வாரமாகச் செல்போனில் கணக்கு எழுதுகிறாள். ‘காலை 6.10: இரண்டு வாய். 7.30: வாந்தி இல்லை. 9.00: மூணு வாய், தட்டை நக்கினாள். 11.00: முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.’ கணக்குக்கு உரியவள் பூந்தி. பத்து வாரக் குட்டி, சிப்பிப்பாறைக் கலப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். காலைப் பார்த்தால் நம்பலாம், காதைப் பார்த்தால் நம்ப முடியாது.

மல்லாங்கிணறு வீட்டுக்கு வந்த முதல் நாள் அதற்குப் பசும்பால் வைத்தார்கள். இரண்டாம் நாள் பால் பிஸ்கட். மூன்றாம் நாள் ராத்திரி விருதுநகரிலிருந்து வந்த அண்ணன் பொட்டலத்தைப் பிரித்து, எண்ணெயில் பொரித்த பரோட்டாவின் ஓரத்தைச் சால்னாவில் நனைத்துப் போட்டார். குட்டி அதைத் தின்ற வேகத்தைப் பார்த்து வீடே சிரித்தது. விடிந்தபோது திண்ணை முழுக்கக் கழிச்சல். அதன் பிறகு எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“பசிச்சாத் திங்கும், விடு” என்றார் அண்ணன்.

இது எங்கள் வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் புழங்கும் வாக்கியம். 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து எங்களைக் காமராசர் மாவட்டத்தில் (இன்றைய விருதுநகர் மாவட்டம்) சேர்த்த சமயத்தில் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. அதற்கென்று யாரும் உலை வைத்ததில்லை. உடைந்த மண்சட்டியின் அடிப்பாகம்தான் நாய்ச்சட்டி. காலையில் நீச்சத்தண்ணி, மத்தியானம் மிஞ்சிய கம்மங்கஞ்சி, கறி எடுத்த ஞாயிற்றுக்கிழமை எலும்பு. தின்னவில்லையா, கோழி கொத்திவிட்டுப் போகும். குட்டிகளுக்கு வயிறு கெட்டால் அப்பத்தாவிடம் இருந்த வைத்தியம் மூன்று: மாதுளைத் தோல் கஷாயம், உப்பில்லாத மோர், பட்டினி. இதில் பட்டினிதான் தலையாயது. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பதை அப்பத்தா நாய்க்கும் சொல்வார், எங்களுக்கும் சொல்வார். நாய் அருகம்புல்லைக் கடித்துக் கக்குவதைக் காட்டி, “அதுக்கே தெரியுது பாரு” என்பார். புல் தின்கிற நாய்களில் பெரும்பாலானவை நோய்க்காகத் தின்பதில்லை, தின்றபின் கக்குவதுமில்லை என்று கலிபோர்னியாவில் நாய் வளர்ப்போரிடம் எடுத்த ஆய்வு ஒன்று சொல்கிறது. அப்பத்தா இருந்திருந்தால் கலிபோர்னியா நாய்க்கு என்ன தெரியும் என்றிருப்பார்.

அந்தக் காலத்து நாய்க்கு ஒரு நோயும் வராது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். சென்ற மாதம் அப்பாவிடம் மணியைப் பற்றிக் கேட்டபோதுதான் அந்தப் பேச்சில் ஓட்டை தெரிந்தது. மணியோடு பிறந்தவை எத்தனை? “சோளத்தட்டைப் படப்புக்கடியில போட்டுச்சு. ஆறோ ஏழோ” என்றார். மற்றவை? கையை விரித்தார். மணிக்கு நோய் வரவில்லை என்பது உண்மை. நோய் வந்தவற்றுக்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை. படப்புக்கடியில் இரண்டு நாள் சுருண்டு கிடந்து, மூன்றாம் நாள் காணாமல் போன குட்டி யார் கணக்கிலும் இல்லை. மிஞ்சியதை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து நாய்க்கு இரும்பு வயிறு என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஆனால் பெரியவர்கள் பேச்சை முழுக்கத் தள்ளவும் முடியவில்லை. “இந்த ரத்தக் கழிச்சல் எங்க சின்ன வயசுல கிடையாதுப்பா” என்று அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. இன்று குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ வைரஸ் 1978-க்கு முன்னால் உலகத்துக்குத் தெரியாத ஒன்று. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு மிக நெருங்கிய உறவுள்ளது அது. எழுபதுகளில் நாய்க்குத் தாவி, 1978-லிருந்து இரண்டே வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவியது. எண்பதுகளின் தொடக்கத்திலேயே சென்னையில் கால்நடை மருத்துவர்கள் அதைக் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். அது எங்கள் ஊருக்கு எப்போது வந்ததென்று யார் குறித்து வைத்தார்கள்? மணி பிறந்த படப்புக்கு அது முன்பே வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்.

எங்கள் தெருவில் ஒரு வீடு உண்டு. முன்பெல்லாம் அங்கே குட்டி தங்காது. கொண்டுவந்த பத்தாம் நாள் செத்துவிடும். அடுத்த தையில் இன்னொன்று கொண்டுவருவார்கள், அதுவும் போய்விடும். ‘அந்த மண்ணுக்கு நாய் ராசி இல்லை’ என்றார்கள். மண்ணுக்கு என்று சொன்னது மட்டும் சரி. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பார்வோ மாதக்கணக்கில், ஒரு வருஷம்கூட, உயிரோடு கிடக்கும். சோப்புக்கும் பினாயிலுக்கும் எளிதில் சாகாது, ப்ளீச்சிங் பவுடர் கரைசலுக்குச் சாகும். முந்தைய குட்டி கழிந்த மூலையில்தான் அடுத்த குட்டியைக் கட்டிப் போட்டார்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடும் தடுப்பூசிக்கு அந்த ராசியை மாற்றத் தெரியும். அந்த வீட்டில் இப்போது எட்டு வயது நாய் ஒன்று யாரையும் உள்ளே விடாமல் குரைத்துக்கொண்டிருக்கிறது.

பூந்திக்கு வருவோம். அண்ணன் பேச்சை அவர் மகள் கேட்கவில்லை. “சித்தப்பா, வண்டிய எடுங்க” என்றாள். குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விருதுநகர் போனோம். டாக்டர் ஈறைத் தொட்டுப் பார்த்தார். பிடரித் தோலை இழுத்துவிட்டு, அது எவ்வளவு வேகத்தில் திரும்பிப் படிகிறது என்று பார்த்தார். நீர் வற்றினால் அது மெதுவாகத்தான் படியுமாம். கழிச்சலைக் கொஞ்சம் எடுத்து, கர்ப்பம் பார்க்கும் கார்டு போலிருந்த ஒன்றில் சொட்டுவிட்டார். பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு கோடுதான். பார்வோ இல்லை. வயிற்றில் பூச்சி, அதற்கு மேல் பாலும் பரோட்டாவும்.

“எத்தன நாள் பட்டினி போடணும் சார்?” என்று கேட்டேன். அப்பத்தாவின் பேரன் வேறென்ன கேட்பான்.

“பட்டினியா? குட்டிக்கா?” என்றார்.

இங்கேதான் அன்றும் இன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. பட்டினி போடு என்றது அப்பத்தா மட்டுமல்ல. வாந்தி நிற்கும்வரை வாய்வழியே ஒன்றும் தராதே, குடலுக்கு ஓய்வு கொடு என்றுதான் கால்நடை மருத்துவமும் வெகுகாலம் சொல்லிவந்தது. 2003-ல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றில் பார்வோ முற்றிய 30 குட்டிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிக்குப் பழைய முறைப்படி வாந்தி அடங்கும்வரை பட்டினி. மீதிக்கு, சேர்த்த 12 மணி நேரத்திலேயே மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. உணவு கொடுத்தவை சீக்கிரம் தேறின, எடையும் ஏறின. காரணம் எளிது. குடலின் உள்தோல் தனக்கு வேண்டிய தீனியில் பெரும்பகுதியை உள்ளே வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பட்டினியில் அது மெலியும், கிருமிகள் ரத்தத்துக்குள் இறங்க வழிவிடும். வளர்ந்த நாய் ஒரு வேளை பட்டினியைத் தாங்கும். பத்து வாரக் குட்டிக்கு உடம்பில் சேமிப்பு கிடையாது. சர்க்கரை இறங்கித் தள்ளாடி விழுந்துவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் இதே திருப்பத்தைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நாக்கு வறள வைத்திருந்த வீடுகள் உண்டு, எங்கள் வீடும் அதில் சேர்த்தி. 1971-ல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே சாவு விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். அந்தக் கரைசல்தான் பிறகு பொட்டலமாக அங்கன்வாடி வரை வந்தது. பூந்திக்கும் டாக்டர் அதே ஓஆர்எஸ் கரைசலைத்தான் எழுதினார், கால் மணிக்கு ஒரு கரண்டி.

அடுத்தது பிகு செய்யும் கதை. சாப்பிடாத குட்டியை அடம்பிடிக்கிறது என்கிறோம். பல சமயம் அதற்குக் குமட்டல். நாய்க்குக் குமட்டினால் உதட்டை நக்கும், எச்சில் ஒழுகும், சட்டிவரை வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்த நேரத்தில் வாயைப் பிளந்து சிரிஞ்சில் ஊற்றினால் இரண்டு கெடுதல். நுரையீரலுக்குள் போகலாம். போகாவிட்டாலும், குமட்டலோடு தின்ற உணவை அது மறக்காது, தேறிய பிறகும் அந்த வாசனைக்கே வராது. முதலில் வாந்தியை நிறுத்த வேண்டும். மரோபிடன்ட் என்ற மருந்து வந்தபிறகு அது சுலபமாகிவிட்டது என்றார் டாக்டர். ஒரு ஊசி போட்டார். வீடு வந்து இரண்டு மணி நேரத்தில் குட்டி தலையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் பார்த்தது.

சமையலறையில் அம்மா. அவருக்கு வயது எழுபத்தெட்டு. நாய்க்கென்று அடுப்பு பற்றவைத்தது அதுதான் முதல் தடவை. பச்சரிசியைக் குழைய வேகவைத்து, தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் அவித்து நூல் நூலாகக் கிழித்து, மூன்றுக்கு ஒன்றாகப் பிசைந்தார். உப்பில்லை, மஞ்சளில்லை. வெங்காயம், பூண்டு வாசனையே கூடாது. அவை நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். சால்னாவில் இருந்தது முக்கால்வாசி அதுதான் என்று அண்ணனைப் பார்த்து இரண்டு தடவை சொன்னேன், தப்பில்லை. கஞ்சி கைக்குச் சூடு தெரியாத இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் வாசனை எழும், மூக்கு சம்மதித்தால் வாய் சம்மதிக்கும். ஒரு தடவைக்கு மூன்று வாய், ஒரு நாளைக்கு ஆறு தடவை. தின்னவில்லையென்றால் பத்து நிமிடத்தில் சட்டியைத் தூக்கிவிட வேண்டும். பிஸ்கட், தயிர், முட்டை என்று கடை பரப்பினால் நாளைக்கு இதைவிட நல்லது வரும் என்று குட்டி காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். பிகுவில் பாதியை நாம்தான் பழக்குகிறோம்.

அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்பிடின்னா கஞ்சிதான?” என்றார். கஞ்சிதான். முப்பது வருஷம் பாக்கெட் தீனியைப் பெருமையாகப் பேசிவிட்டு, வயிறு கெட்டால் எல்லோரும் கஞ்சிக்கே வருகிறோம்.

நான்காம் நாள் நன்றாகத் தின்றுகொண்டிருந்தவள் திடீரென்று சட்டியை விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கினாள். மறுபடியும் வயிறோ என்று பதறினோம். பக்கத்துத் தெருவில் கோயில் கொடைக்குச் சரவெடி. பட்டாசு மாவட்டத்தில் நாய் வளர்ப்பவர்கள் கற்கவேண்டிய தனிப் பாடம் இது. பயந்த குட்டியும் தின்னாது, நோயுற்ற குட்டியும் தின்னாது. பயந்தது சத்தம் அடங்கினால் வந்துவிடும். வாந்தி தொடர்ந்தாலோ, கழிச்சலில் ரத்தம் கண்டாலோ, கூப்பிட்டும் எழாவிட்டாலோ ஒரு வேளைகூடக் காத்திருக்கக் கூடாது. பூந்தி அரை மணியில் வந்தாள். நெஞ்சில் ஒட்டடை.

நேற்று ஏழாம் நாள். கஞ்சியோடு அதன் வழக்கமான தீனியைப் பாதிக்குப் பாதி கலந்தாயிற்று. கழிச்சல் நின்று இரண்டு நாள். சாயங்காலம் தட்டை வைத்ததும் குட்டி தட்டோடு சேர்ந்து நகர்ந்தபடியே தின்றது. அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, “நான்தான் சொன்னேனே, பசிச்சாத் திங்கும்னு” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணன் மகள் செல்போனை எடுத்தாள். உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா குரல் கொடுத்தார்.

“எத்தன வாயி?”

“ஏழு, அப்பத்தா.”

“போதும். சட்டியத் தூக்கிரு. ராத்திரிக்கி வேணும்ல.”